நெகட்டிவ் என்று வந்த மெசேஜ்

அரபு நாட்டில், அல் குசைஸில் எங்கள் மளிகைக் கடை வாசலில் மஞ்சள் டேப் ஒட்டியவன் நான்தான். கொரோனா பரவிய நாட்கள். ஒரு கோட்டுக்கு ஒருவர்; மீறி நின்றால் கத்துவேன். கத்துவதில் எனக்குக் கொஞ்சம் சுகமும் இருந்தது, மறைப்பானேன்.

சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப் ஆள் ஒருவர் தயிர் வாங்க வந்து, வரிசையில் நின்று இருமினார். "பாய், பாஹர் ஜாவ்!" என்று வெளியே விரட்டினேன். தயிர் டப்பாவை வெளியே தரையில் வைத்தேன். குனிந்து எடுத்துக்கொண்டு போனார். ஒரு ரூமில் எட்டுப் பேர் படுக்கிறவர்கள், நோய் வந்தால் அவர்களிடமிருந்துதான் வரும் என்று நிச்சயமாக நம்பினேன்.

கடையில் அக்காவின் கணவரும் நானும் பங்காளிகள். மச்சானுக்குச் சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. வந்தால் அவர் உடம்பு தாங்காது. அதனால் அவரைக் கடைப்பக்கமே விடாமல், நாங்கள் இருவரும் தங்கியிருந்த ரூமிலேயே உட்கார வைத்தேன். வேலை முடிந்து வந்ததும் குளித்துத் துணி மாற்றுவேன். பிறகு ஊர் வழக்கப்படி ஒரே சஹனில், அந்தப் பெரிய தட்டின் இரு பக்கமும் உட்கார்ந்து, இருவரும் சாப்பிடுவோம். மாஸ்க் எல்லாம் அந்நியருக்கு. சொந்த மச்சானிடம் எதற்கு?

ஒரு ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் எடுத்தேன். மறுநாள் போனில் நெகட்டிவ் என்று மெசேஜ் வந்தது. புதன்கிழமை தொண்டை கரகரத்தது, உடம்பு சுட்டது. நெகட்டிவ்காரனுக்கு வருவது ஏசி காய்ச்சல் என்று நானே தீர்ப்பு எழுதி, மாத்திரை போட்டுக்கொண்டு கடை திறந்தேன்.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது மச்சான் என் முகத்தையே பார்த்தார்.

"கண்ணு செவந்து கெடக்கே. இன்னைக்கு வேணும்னா தனித்தனியாச் சாப்பிடுவமா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. போனை எடுத்து மெசேஜை அவர் முன் நீட்டினேன். "பாருங்க மச்சான். இதுக்கு மேல என்ன வேணும்?"

"அட, சும்மா கேட்டேன். உக்காரு" என்று சிரித்தார். மீனில் முள் எடுத்து என் பக்கம் தள்ளினார்.

பதினோரு நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவரால் முழு வாக்கியம் பேச முடியவில்லை. ஆம்புலன்ஸில் ஏறும்போது கையை மட்டும் அசைத்தார். எனக்கு மறுபடி டெஸ்ட் எடுத்தார்கள், பாசிட்டிவ். ஆனால் என் காய்ச்சல் அதற்குள் விட்டிருந்தது. ரூமில் அடைந்து கிடந்து, அன்று தயிர் வாங்க வந்தவரைத் திட்டித் தீர்த்தேன். அவர்தான், அவரேதான் என்று மனம் கணக்குப் போட்டது. கடைக்கே வராத மச்சானை அவர் எப்படித் தொட்டிருக்க முடியும்? தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்குத் தெரிந்தது, பார்க்கத்தான் பயமாக இருந்தது. ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன்; மச்சானின் ஆக்சிஜன் அளவு இறங்கிக்கொண்டே வந்தது.

ஒன்பதாம் நாள் மச்சான் மவுத்தானார். இங்கேயே அடக்கம் செய்தார்கள். என்னை ரூமை விட்டு வெளியே விடவில்லை.

மறுநாள் ஊரிலிருந்து அக்கா போனில் கூப்பிட்டாள். என்ன கேட்கப் போகிறாளோ என்று பயந்துகொண்டே எடுத்தேன். அவள் அழவில்லை.

"மூச்சு மெஷின் மாட்டறதுக்கு முன்னாடி அவங்க எங்கிட்டப் போன்ல திக்கித் திக்கிப் பேசுனாங்க தம்பி. 'அவன் எவ்வளவோ சொன்னான், நாந்தான் கேக்காம அவனுக்குத் தெரியாம வெளிய போயிட்டு வந்தேன். அவனை ஒண்ணும் சொல்லாதே'ன்னாங்க. அப்படியா போனாங்க?"

இரண்டு மாதமாக அவர் ரூம் கதவைத் தாண்டியதில்லை.

"ஆமாக்கா" என்றேன்.