வலது பக்கத்தில் கிடந்த ஸ்பூன்

தட்டக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் கடையில் யாராவது சாமான் வண்டியைக் 'கிரீச்' என்று திருப்பினால் போதும், அவளுக்கு ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடி கண்ணுக்கு முன்னால் வந்துவிடும். வெளுத்துப்போன பச்சைச் சுவர், பினாயில் வாசனை, வரிசையாக இருபத்திரண்டு கட்டில்கள், நடுவில் அவளுடைய சாப்பாட்டு வண்டி. அதன் முன்சக்கரம் ஒன்று எப்போதும் இடது பக்கமாகவே இழுக்கும். மாற்றித் தரச் சொல்லி எத்தனை மனு கொடுத்தும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அதுவும் சர்க்கார் உத்தியோகம், யார் சொன்னாலும் கேக்காது" என்று திட்டிக்கொண்டே இருபத்தெட்டு வருஷம் தள்ளினாள்.

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி நோயாளி, நர்ஸ், பெரிய டாக்டர் எல்லோருக்கும் தட்டக்காதான். வேலை என்னவோ சாதாரண வேலை. குடல் ஆபரேஷன் வார்டில் மூன்று வேளையும் தட்டு வைப்பது, எடுப்பது. மற்றவர்கள் தட்டுகளைக் கடகடவென்று அடுக்கிக்கொண்டு ஓடுவார்கள். இவள் ஒவ்வொரு தட்டையும் ஒரு நொடி பார்த்துவிட்டுத்தான் அடுக்குவாள். ஏன் பார்க்கிறாள் என்று யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

ஒரு நாள் புதிதாக வந்த பெண் சர்ஜன், ஏழாம் கட்டில்காரர் முந்தின நாள் என்ன சாப்பிட்டார் என்று நர்ஸிடம் கேட்டார். நர்ஸ் ஃபைலைப் புரட்டு புரட்டென்று புரட்டினாள். வண்டிப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

"காலைல பால் மட்டும் குடிச்சார் டாக்டரம்மா. மத்தியானம் ரொட்டியோட நடுப்பக்கத்தைத் தின்னுட்டு ஓரத்தை வெச்சிட்டார். சாயங்காலத் தட்டு போன மாதிரியே திரும்பி வந்துச்சு."

சர்ஜன் திரும்பிப் பார்த்தார். மறுநாளே ஒரு தாள் அச்சடித்து வந்தது. கட்டிலுக்கு ஒரு வரிசை, வேளைக்கு ஒரு வட்டம். முழுவதும் சாப்பிட்டால் முழு வட்டத்தையும் நீல மையால் நிரப்ப வேண்டும், பாதி என்றால் பாதி.

"நீங்க நிரப்பிக் குடுங்கக்கா" என்றார் சர்ஜன். "கட்டியை வெட்டி எடுத்துட்டு குடலோட ரெண்டு முனையையும் நான் தைக்கிறேன். தைக்கிறதுதான் என் கை. ஒட்ட வேண்டியது அவங்க உடம்பு. ரத்தத்துல சத்து குறைஞ்சு, அழற்சி ஏறிக் கிடந்தா, நான் என்னதான் பாத்துப் பாத்துத் தைச்சாலும் உள்ள பிரிஞ்சுக்கும்."

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவளுக்கு ஆஸ்பத்திரித் தாளில் எழுத ஒரு பேனா கிடைத்தது. அன்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிரப்பினாள். ஒரு வட்டம் தப்பியதில்லை, பதினான்காம் கட்டிலுக்கு லிஃப்ட் மெக்கானிக் வந்து சேரும்வரை.

அந்த மனுஷன் ஒரு மாதிரி ஆள். படுத்த இடத்திலிருந்தே, "ரெண்டாவது லிஃப்ட் முனகுது, எண்ணெய் போடச் சொல்லுங்க" என்று வார்டு முழுக்க அதிகாரம் பண்ணுவார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். கூடவே மனைவி, பள்ளிக்கூடத்தில் தட்டச்சுப் பண்ணுகிறவள், லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். சர்ஜன் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "பத்து நாள் நல்லாச் சாப்பிடணும். ரத்த டெஸ்ட் ஏறினாத்தான் ஆபரேஷன். ஏறலைன்னா தேதி தள்ளிப்போகும்."

முதல் இரண்டு நாளும் அரைத் தட்டுதான் காலியானது. மெக்கானிக் இடது கைக்காரர். அவர் சாப்பிட்ட தட்டில் ஸ்பூன் இடது பக்கம் கிடக்கும். மூன்றாம் நாளிலிருந்து தட்டு பளிச்சென்று வந்தது. முட்டை இல்லை, ரொட்டி இல்லை, சூப்புக் கிண்ணத்தில் ஒரு சொட்டு இல்லை. தட்டக்கா சந்தோஷமாக முழு வட்டம் போட்டாள். ஸ்பூன் வலது பக்கம் கிடந்ததை அவள் கண் பார்த்தது, புத்தி பார்க்கவில்லை.

எட்டாம் நாள் காலையில் ரத்த டெஸ்ட் முடிவு வந்தது. ரத்தத்தில் சத்தைக் காட்டும் ஆல்புமின் முன்னைவிடக் குறைவு, அழற்சியைக் காட்டும் அளவு முன்னைவிட அதிகம். சர்ஜன் வட்டத் தாளையும் டெஸ்ட் தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவ்வளவு சாப்பிட்டும் இறங்குதுன்னா, எல்லாத்தையும் அந்தக் கட்டிதான் திங்குது போல. இனிமே காத்திருந்து பிரயோஜனம் இல்லை. நாளன்னைக்கே பண்ணிடலாம்" என்றார் நர்ஸிடம்.

வண்டியைப் பிடித்திருந்த தட்டக்காவின் காதில் அது விழுந்தது. குனிந்து பதினான்காம் கட்டில் தட்டைத் தேடி எடுத்தாள். வழித்துத் துடைத்த தட்டு. ஸ்பூன் வலது பக்கம்.

மத்தியானம் தட்டை வைத்துவிட்டுப் போகிறவள் மாதிரி போய், பாதியில் திரும்பி வந்து கட்டிலைச் சுற்றியிருந்த திரையை விலக்கினாள். மனைவி வாய் நிறைய ரொட்டியோடு கையும் களவுமாகப் பிடிபட்டாள். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. மோதிரத்தைச் சுற்றி விரல் பிதுங்கிக்கொண்டிருந்தது. அவருக்குக் குறைந்ததெல்லாம் இவளிடம் ஏறியிருந்தது.

"அவளைத் திட்டாதீங்கக்கா, நான்தான் திங்கச் சொன்னேன்" என்றார் மெக்கானிக். "ரெண்டு வாய்க்கு மேல எறங்க மாட்டேங்குது. தேதி தள்ளிப்போனா கட்டி வளந்துடும்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க. சீக்கிரம் அறுத்துப் போட்டாப் போதும்."

மனைவி ஒருவழியாக விழுங்கிவிட்டுத் தட்டக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லிடாதீங்கக்கா. உங்க காலில் வேணா விழுறேன். நாளன்னைக்குன்னு இப்பத்தான் சொல்லிட்டுப் போனாங்க."

தட்டக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். வார்டில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவள் ஒரு நோயாளியின் கட்டிலில் உட்கார்ந்தது அன்று ஒரு தடவைதான்.

"நானும் தின்னிருக்கேன்மா" என்றாள். "வேற ஆஸ்பத்திரி. என் வீட்டுக்காரருக்கும் இதே வியாதி, இதே ஆபரேஷன். நர்ஸ் வந்து கேட்டா, 'நல்லாச் சாப்பிட்டார்'னு சொல்லுவேன். தட்டைக் காலி பண்ணிக் காட்டுவேன். டாக்டருங்களும் நல்லாத்தான் தைச்சாங்க. ஆறாம் நாள் தையல் உள்ளே பிரிஞ்சு, ஆள் போயிட்டார். ஏன் பிரிஞ்சுதுன்னு அவங்களுக்குத் தெரியலை. எனக்குத் தெரியும்."

மெக்கானிக் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தட்டக்கா எழுந்து சர்ஜன் அறைக்குப் போனாள்.

அந்த இருபதடி தூரம் நடந்ததுதான் அவளுக்கு இன்றும் துல்லியமாக ஞாபகம் இருக்கிறது. தன் கை போட்ட பதினாறு வட்டம் பொய் என்று அவளே போய்ச் சொல்ல வேண்டும். பேனாவைப் பிடுங்கிக்கொண்டால் என்ன செய்வது என்றுதான் முதலில் தோன்றியது. தோன்றியதற்காகத் தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது. ஒரு உயிரைவிடப் பேனா பெரிதாகப் போய்விட்டதா?

சர்ஜன் முழுவதையும் கேட்டார். கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை எடுத்து அவளிடமே நீட்டினார்.

"பதினாறையும் நீங்களே அடிச்சிட்டு, பக்கத்துல சரியானதைப் போடுங்கக்கா. நாளன்னைக்கு ஆபரேஷன் இல்லை. ரெண்டு வாரம் டைம் குடுக்கலாம், அதுக்குள்ள ஒண்ணும் ஆகிடாது. இந்த நிலைமையில அறுத்தாத்தான் ஆபத்து."

முதல் நாலு நாளும் தட்டக்காவுக்கு வார்டே நரகமாக இருந்தது. மனைவி அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இவள் அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. மூன்று பெரிய தட்டை ஆறு சின்னத் தட்டாகப் பிரிக்கச் சொல்லிச் சமையல்கட்டில் மல்லுக்கு நின்றாள். கரைத்துக் குடிக்கும் சத்து மாவு, முட்டை, தயிர் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய் வைத்தாள்.

"இந்த முட்டையைத் தின்னா அந்த ரெண்டாவது லிஃப்டுக்கு எண்ணெய் போடச் சொல்றேன்" என்றாள் ஒரு நாள்.

"இதையே மூணு நாளாச் சொல்றீங்க. அது இன்னும் முனகிட்டேதான் இருக்கு."

"நீங்களும்தான் முனகிட்டே இருக்கீங்க. ரெண்டு பேருக்கும் சேர்த்துப் போடச் சொல்றேன், வாயைத் திறங்க."

மெக்கானிக் சிரித்துவிட்டார். சிரித்த வாயில் ஸ்பூன் போனது. ஐந்தாம் நாள் மனைவி, "அக்கா, அவருக்கு ஆறினா எறங்காது, சூடா எடுத்துட்டு வாங்க" என்று தானாகவே பேசினாள். பத்தாம் நாள் ஆல்புமின் லேசாக ஏறியது, அழற்சி இறங்கத் தொடங்கியது. பதினைந்தாம் நாள் அவரை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். முனகும் அந்த இரண்டாவது லிஃப்டில்தான் போனார், போகும்போதும் அதைக் குறை சொல்லிக்கொண்டே போனார்.

ஆபரேஷன் முடிந்த பிறகு, ஆறாம் நாளுக்காகத் தட்டக்கா விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். ஆறாம் நாள் காய்ச்சல் இல்லை. ஏழாம் நாளும் இல்லை. எட்டாம் நாள் மத்தியானம் முதல்முறையாக முழுத் தட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். வைத்துவிட்டு வந்தவளுக்கு மற்ற கட்டில்களில் கவனமே இல்லை. அரை மணி கழித்துத் திரும்பிப் போனாள்.

ரொட்டி தீர்ந்திருந்தது. சூப்பு முக்கால்வாசி காலி. முட்டையில் பாதி அப்படியே இருந்தது. ஸ்பூன் இடது பக்கம் கிடந்தது.

மனைவி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னலோரமாக நின்றாள்.

"சீக்கிரம் எடுத்துட்டுப் போங்கக்கா" என்றாள். "அந்தப் பாதி முட்டையைப் பாத்தாக் கை தன்னால போகுது."

தட்டக்கா தட்டை எடுத்துக்கொண்டு வண்டிக்கு வந்தாள். எத்தனையோ ஆயிரம் மிச்சத்தைக் கொட்டியிருக்கிறாள், அந்தப் பாதி முட்டையைக் கொட்ட மட்டும் மனசு வரவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு பேனாவை எடுத்து, வட்டத்தில் முக்கால்வாசியை நிரப்பி, மிச்சத்தை வெள்ளையாகவே விட்டாள்.