அட்ஜஸ்ட்டும் சாரின் நாற்காலியும்

பெருநாளுக்கு நான் கேட்ட ஒரே ஒரு நாள் லீவை மறுத்துவிட்டு, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்று சிறுசேரி ஆபீசில் மேனேஜர் தன் புது ரெக்சின் நாற்காலியில் சாய்ந்தார். அந்த ரெக்சின் வாடையில், பள்ளி நாளில் நான் படித்த மேற்குத் தாம்பரத்து மொட்டைமாடி டியூஷன் ஷெட் மூக்கில் ஏறிவிட்டது. அங்கே இப்போது ஃபிளாட். நாலு பேர் பெஞ்சில் ஏழு பேர், ஆஸ்பெஸ்டாஸ் சூட்டில் தோளோடு தோள் ஒட்டி வியர்த்துக்கொண்டிருக்க, இருந்த ஒரே ஃபேனைத் தன் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு, அகலமான ரெக்சின் நாற்காலியில் பரப்பி உட்கார்ந்த இங்கிலீஷ் சார், ஸ்கேலால் மேஜையைத் தட்டித் தட்டி "அட்ஜஸ்ட், அட்ஜஸ்ட்!" என்பார்.

"உங்க சேரைக் கொஞ்சம் தள்ளினா இன்னொரு பெஞ்ச் போடலாம் சார்" என்ற என் பெஞ்சுத் தோழி நஸ்ரினை வெயிலில் நிற்கவைத்தார்.

அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டதற்கு, "பொறுத்துப் போறது" என்று போர்டில் எழுதிய மேதை! அகராதியைத் தொட்டிருக்கவே மாட்டார். இன்று மதியம் நான் தொட்டேன். லத்தீனில் 'பக்கத்தில் கொண்டுவருவது' என்று பிறந்து, பிரெஞ்சு வழியாக வந்து, ஸ்குரூவையும் கடிகாரத்தையும் சரிசெய்யப் பழகிய வினை. அடுத்தவரைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் உத்தரவாக அதை ஆக்கியது நாற்காலிக்காரர்களின் சொந்தச் சரக்கு.

நாளைக் காலை மேனேஜர் முன்னால் மறுபடி போய் நிற்கப்போகிறேன்: "மூணு வருஷமா நான் பண்ணிட்டேன் சார், இந்தப் பெருநாளுக்கு நீங்க பண்ணுங்க."