யோகேஸ்வரனின் சனிக்கிழமைகள்

லண்டன் செவன் கிங்ஸில் யோகேஸ்வரனைப் பார்த்தறியாத தமிழர்கள் குறைவு. இருபது வருடத்துக்கு மேலாக அந்தப் பக்கம் பஸ் ஓட்டுகிறார். ஆனால் அவரோடு நாலு வார்த்தை பேசியவர் யாரென்று கேட்டால் எல்லோரும் யோசிப்பார்கள். கலியாண வீடுகளில் கடைசி வரிசைக் கதிரையில் இருப்பார். சாப்பாடு எப்படியென்று கேட்டால் "பரவாயில்லை" என்பார். அவருடைய மனைவி சிவமலருக்கே அவர் குரல் உயர்ந்து கேட்ட ஞாபகம் இல்லை.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரேயொரு கிறுக்கு இருந்தது. மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது ஷிப்டை யாருடனாவது மாற்றிக்கொண்டு, விடியமுதல் கிங்ஸ் குரொஸுக்குப் போய் ஸ்கொட்லாந்துக்கு ரயிலேறிவிடுவார். உதைபந்தாட்டம் பார்க்க. அதுவும் ஊருலகம் அறிந்த பெரிய கழகமாக இருந்தாலாவது பரவாயில்லை. கிழக்குக் கரையில் கில்பிரே என்றொரு மீன்பிடி ஊர். அந்த ஊர்க் கழகம். கடைசிப் பிரிவில் கிடந்து இழுபடுகிற கழகம். அது வெளியூரில் ஆடினால் இவரும் அந்த வெளியூருக்குப் போவார். அர்ப்ரோத், மொன்ட்ரோஸ், ஃபோர்ஃபார், ஸ்டென்ஹவுஸ்மியூர் என்று லண்டன் தமிழர் யாரும் வாயில் வைத்திராத ஊர்களிலெல்லாம் நனைந்து விறைத்து நின்றுவிட்டு, ஞாயிறு பின்னேரம் வீடு திரும்புவார். கன்னம் காற்றில் வெடித்திருக்கும். என்ன நடந்தது என்று கேட்டால், "தோத்துப்போச்சு" என்பார்.

சிவமலரின் அண்ணன் ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு இது தீராத பகிடி. கோயிலில் கண்டாலும் கேட்பார்.

"எங்கை உன்ரை மனுசன்? பந்து பொறுக்கப் போயிட்டாரோ? லண்டனிலை இல்லாத பந்தே அங்கை உருளுது?"

சிவமலரும் சேர்ந்து சிரிப்பாள். குடியில்லை, சூதில்லை, மாதமொரு ரயில்தானே என்று விட்டுவிட்டாள். அவருக்கு அந்த ஊரோடு என்ன தொடுப்பு என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததை யோசிக்காமல் விட்டிருந்தாள் என்பதே சரி.

யோகேஸ்வரன் அகதியாக வந்து, விசா கிடைத்ததும், கில்பிரேயில் மீன் பக்டரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவர். அறை மைதானத்துக்குப் பின்னால். ஒரு சனிக்கிழமை சத்தம் கேட்டு எட்டிப் பார்க்கப் போனவர், அடுத்த சனிக்கிழமையும் போனார். மைதானத்தைப் பராமரிக்கிற மனிதருக்கு நாரிப்பிடிப்பு, குனிய ஏலாது என்று கண்டு, புல் அமுக்குகிற உருளையைத் தள்ளிக் கொடுத்தார். பிறகு புல் வெட்டினார், கோடு போட்டார், மழை தேங்கிய இடங்களில் தோட்டத்து முள்ளுக்கரண்டியால் குத்தித் தண்ணீரை இறக்கினார். அந்த மனிதர் ஓய்வுபெற்றபோது கழகத்தார் வேலையை யோகேஸ்வரனுக்கே தருவதாகச் சொன்னார்கள். அப்போது அவருக்குக் கலியாணமாகி, சிவமலர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து செவன் கிங்ஸில் அண்ணன் வீட்டில் இறங்கி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

அவளைக் கூட்டிப்போக வந்தவர், அண்ணன் வீட்டுக் குசினி அடுப்படியில் வைத்துச் சொன்னார்.

"புல்லுப் பாக்கிற வேலை தாறம் எண்டினம். பக்கத்திலையே வீடும் இருக்கு. சின்னன்தான். ஆனால் கடல் தெரியும்."

ஸ்ரீஸ்கந்தராஜா வாய்விட்டுச் சிரித்தார். சிவமலர் சிரிக்கவில்லை. அவளுக்கு ஆத்திரம் வந்தது. பயமும் வந்தது. தமிழ்க்கடை இல்லாத, கோயில் இல்லாத, பாஷை விளங்காத ஒரு கடற்கரையில் தன்னைக் கொண்டுபோய் வைக்கப் போகிறார் என்ற பயம். அந்தப் பயத்தைச் சொல்லத் தெரியாமல் வேறொன்றைச் சொன்னாள்.

"புல்லு வெட்டுறவற்றை பெண்சாதி எண்டோ அம்மாவுக்கு எழுதுறது? நான் வரமாட்டன். உங்களுக்கு விருப்பமெண்டால் போய் இருங்கோ."

யோகேஸ்வரன் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். "சரி," என்றார். சில கிழமைகளில் இரண்டு பைகளுடன் லண்டனுக்கு வந்துவிட்டார். அண்ணன் தெரிந்தவர் மூலம் பஸ் கொம்பனியில் சேர்த்துவிட்டார். விதுஷா பிறந்தாள், வீடு வாங்கினார்கள், விதுஷா வளர்ந்து லீட்ஸுக்குப் படிக்கப் போனாள். அந்தக் குசினிப் பேச்சை யாரும் பிறகு எடுக்கவில்லை.

போன வருடம் மாசியில் யோகேஸ்வரனுக்கு நெஞ்சடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டில் இருந்தவர் சித்திரை பிறந்ததும், கில்பிரேயின் கடைசி ஆட்டத்துக்குப் போகவேணும் என்றார். டொக்டர் போகலாம், தனியே போகவேண்டாம் என்றார். விதுஷாவுக்கு யூனிவர்சிற்றியில் சோதனை.

"அம்மா, நீங்க ஜஸ்ட் அப்பாவோட போங்கோவன். ஒரு வீக்கெண்ட்தானே," என்றாள் அவள் போனில்.

அப்படித்தான் சிவமலர், மருந்துப் பெட்டியும் புட்டுப் பார்சலுமாக, முதன்முதலாக அந்த ரயிலில் ஏறினாள். எடின்பரோ தாண்டி, பாலம் தாண்டி, கடல் ஜன்னலோரமாக வந்தது. யோகேஸ்வரன் எழுந்து நின்றுகொண்டார். நெஞ்சு வருத்தக்காரன் இப்படி நிற்கக் கூடாதே என்று அவள் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் இருக்கவில்லை.

கில்பிரே மைதானம் அவள் நினைத்ததைவிடச் சின்னது. ஒரு பக்கம் தகரக் கூரை போட்ட இருக்கைகள், மற்றப் பக்கங்களில் சீமெந்துப் படி, அதற்கப்பால் கடல். வாசலில் ரிக்கற் கிழித்த மனிதர் யோகேஸ்வரனைக் கண்டதும் ரிக்கற்றை எறிந்துவிட்டு ஓடிவந்து கட்டிப்பிடித்தார். "யோகி!" என்று யாரோ கத்த, படிக்கட்டிலிருந்து இன்னும் நாலைந்து பேர் இறங்கி வந்தார்கள். நெஞ்சைத் தொட்டுப் பார்க்கிறார்கள், முதுகில் தட்டுகிறார்கள், ஒருவர் அவர் தொப்பியைக் கழற்றி வழுக்கையில் முத்தம் கொடுக்கிறார். யோகேஸ்வரன் திருப்பி ஏதோ சொன்னார். அந்த ஊர் ஆங்கில இழுவையில் சொன்னதால் சிவமலருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கூட்டம் வெடித்துச் சிரித்தது. அவரும் சிரித்தார், பல் முழுக்கத் தெரிய, தோள் குலுங்க.

சிவமலர் மருந்துப் பெட்டியைப் பிடித்தபடி நின்றாள். தன் புருஷன் பகிடி விடக்கூடியவர் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

ஆட்டம் தொடங்கமுதல் தேநீர்க் கடையில் இருந்த மோராக் என்ற பெண் அவளை உள்ளே கூப்பிட்டு ஹீட்டருக்குப் பக்கத்தில் இருத்தினாள். எழுபது வயதிருக்கும். இறைச்சி அடைத்த பேஸ்ட்ரி ஒன்றைத் தட்டில் வைத்து நீட்டியவள், சிவமலர் மச்சம் சாப்பிடுவாளோ என்று யோசித்து, அதை எடுத்துவிட்டு பிஸ்கட் வைத்தாள். யோகேஸ்வரன் சனி இரவுகளில் தங்குவது இவளுடைய வீட்டின் பின்னறையில்தான். சிவமலருக்கு விளங்கவேண்டுமென்று மெல்ல மெல்லப் பேசினாள்.

"கடைசியில் வந்துவிட்டாய், சிவா. உனக்காக நான் திரைச்சீலை தைத்தேன், தெரியுமா?"

சிவமலருக்குத் தெரியாது.

மோராக் சொன்னாள். அந்த வேலையைத் தருவதாகச் சொன்னதுமே யோகி ஒப்புக்கொண்டிருந்தான். மனைவி வருகிறாள் என்று கழகத்தார் எல்லோரும் சேர்ந்து அந்த வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். ஒருவர் கட்டில் கொடுத்தார். குசினிக்கு மஞ்சள் நிறம் வேணும், என் மனுசிக்கு மஞ்சள் பிடிக்கும் என்று யோகிதான் பிடிவாதமாக நின்றான். அவளை நேரில் சரியாகப் பார்த்துப் பழகாதவன், எப்படியோ அதைக் கேட்டு வைத்திருந்தான். பிறகு ஒரு நாள் லண்டனிலிருந்து வந்து, பேசாமல் மைதானத்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தான். என்னவென்று யாரும் கேட்கவில்லை. போகிற அன்றுதான் சொன்னான்.

"என்ன சொன்னார்?" என்று சிவமலர் கேட்டாள்.

"உனக்குக் குளிர் ஒத்துவராது என்றான்."

வெளியே விசில் ஊதுவது கேட்டது. சிவமலர் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். அண்ணன் சிரித்ததை இவர் இங்கே சொல்லவில்லை. அவள் சொன்ன சொல்லையும் சொல்லவில்லை. அவளைக் குறைசொல்ல ஒரு காரணமும் கிடைக்காதபடி பழியைக் குளிரின்மேல் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

ஆட்டத்தை அவள் பார்த்தாள் என்று சொல்லமுடியாது. அவள் யோகேஸ்வரனைத்தான் பார்த்தாள். அவர் படியில் நின்று கத்தினார், நடுவரைத் திட்டினார், பக்கத்தில் நின்றவரின் ஸ்காஃபைப் பிடித்து உலுக்கினார். கில்பிரே முதல் கோலைப் போட்டபோது இரண்டு கையையும் மேலே எறிந்து துள்ளினார். நெஞ்சு, நெஞ்சு என்று அவள் பதறியதை அவர் கவனிக்கவே இல்லை. பிறகு இரண்டு கோல் வாங்கித் தோற்றுப் போனார்கள். எல்லோரும் அதற்கும் சேர்த்துச் சிரித்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் அவர் அவளை மைதான ஓரமாக அழைத்துப் போனார். குனிந்து கையால் தடவிக் காட்டினார்.

"இப்ப புல்லு இல்லை. எல்லாம் பிளாஸ்டிக். கொஞ்சக் காலமாச்சு. மழைக்கும் விளையாடலாம், செலவும் இல்லை."

"அந்த வீடு?"

அவர் கை நின்றது. மோராக் பேசியிருக்கிறாள் என்று விளங்கியிருக்கவேண்டும். மதிலுக்கு மேலால் தெரிந்த ஒரு மாடி ஜன்னலைக் காட்டினார். யாரோ ஒரு பிள்ளையின் சட்டைகள் அங்கே காயப் போட்டிருந்தன.

"ஆரோ குடும்பம் இருக்குது. நல்ல சனம்."

"ஏன் எனக்கு ஒண்டும் சொல்லேல்லை? பெயின்ற் அடிச்சது, கட்டில் போட்டது..."

"நீர் வரமாட்டன் எண்டனீர். அதுக்குப் பிறகு சொல்லி என்ன?"

"ஒருக்கா கேட்டிருந்தால் வந்திருப்பன்."

அப்படிச் சொன்னவளுக்கே அது பொய் என்று தெரிந்தது. இருபத்தாறு வயதில், எத்தனை தரம் கேட்டிருந்தாலும் வந்திருக்கமாட்டாள். அவரும் அதை அறிந்தவர் போலத் தலையாட்டினார்.

"விடும். லண்டனிலையும் நல்லாத்தானே இருந்தம்."

அது பஸ்ஸில் கேட்கிற குரல். "பரவாயில்லை" என்கிற குரல். சற்றுமுன் படியில் கத்திய மனிதர் அதற்குள் எங்கோ போய்விட்டிருந்தார்.

லண்டனுக்கு வந்தபிறகு சிவமலருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த முறை ஸ்ரீஸ்கந்தராஜா வழக்கம்போல வாயைத் திறக்க, "அண்ணை, அவரைப் பற்றி இனிப் பகிடி விடாதேங்கோ," என்றாள். அவர் தங்கையை ஆச்சரியமாகப் பார்த்தார். எதைச் சொல்கிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை. அந்தக் குசினிச் சிரிப்பு அவர் நினைவில் இருந்தால்தானே.

ஒரு நாள் சோறு போடும்போது கேட்டும் பார்த்தாள். "இப்ப போய் அங்கை இருப்பமே? பிள்ளையும் வளந்திட்டுது."

யோகேஸ்வரன் குழம்பைப் பிசைந்தபடி சொன்னார். "என்ன வேலைக்கு? முழங்காலும் ஏலாது. ஆஸ்பத்திரியும் இஞ்சைதான். உமக்கும் இஞ்சைதான் பழக்கம்."

அதில் ஒரு சொல்லும் பிழையில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

புது சீசன் தொடங்கியதும் அவள் தானாகவே கிளம்பினாள். கோட், சப்பாத்து, தடித்த காலுறை எல்லாம் வாங்கினாள். அவரோடு அர்ப்ரோத்துக்குப் போனாள். காற்று கடல்நீரைத் தூக்கி முகத்தில் அடித்தது. ஃபோர்ஃபாரில் இறைச்சி வைத்த பேஸ்ட்ரி சாப்பிடப் பழகினாள். ஓஃப்சைட் என்றால் என்னவென்று அவர் எத்தனையோ விதமாகச் சொல்லிக் கொடுத்தும் அவளுக்கு ஏறவில்லை. ஏறியதாகத் தலையாட்டினாள்.

ஆனால் ஒன்றைக் கவனித்தாள். அவள் பக்கத்தில் நின்றால் அவர் கத்துவதில்லை. "குளிருதோ?" என்பார். "கால் நோகுதோ? போய் இரும்," என்பார். கூட்டாளிகள் பகிடி விட்டால் அதை அவளுக்குத் தமிழில் சொல்ல முயல்வார். சொல்லி முடிப்பதற்குள் பகிடி செத்துவிடும். கோல் விழும்போதும் முதலில் அவள் முகத்தைத்தான் பார்ப்பார், அவளுக்குச் சந்தோஷமோ என்று. செய்த பிழையைச் சரிப்படுத்த வந்தவள், அவருக்கென்று மிஞ்சியிருந்த அந்தப் படிக்கட்டிலும் பாதியை எடுத்துக்கொண்டுவிட்டாள்.

கார்த்திகையில் டொக்டர், இனி அவர் தனியே போய்வரலாம் என்றார். அடுத்த சனிக்கிழமை சிவமலர் தனக்குத் தலையிடி என்று சொன்னாள்.

"அப்ப நானும் நிக்கிறன்," என்றார் யோகேஸ்வரன்.

"வேண்டாம். நீங்கள் போயிட்டு வாங்கோ. எனக்கு அந்தக் குளிர் ஒத்துவராது."

அவர் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். மற்றச் சப்பாத்தின் நாடாவையும் கட்டி முடித்தார். பிறகு, "சரி," என்றார். மருந்துப் பெட்டியைத் தானே எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அன்று பின்னேரம் அவள் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்ததும் காற்றிரைச்சல், பாட்டு, யாரோ தகரத்தில் தட்டுகிற சத்தம். மருந்து குடித்தாயிற்று என்று சொல்லத்தான் எடுத்தார். "சாப்பிட்டனீங்களோ?" என்று அவள் கேட்கும்போதே அந்தப் பக்கம் ஒரு கூச்சல் எழுந்தது. "அடி! அடியடா!" என்று யோகேஸ்வரன் தமிழில் கத்தினார். பின்னால் யாரோ "யோகி!" என்று குழறினார்கள்.

"பிறகு எடுக்கிறன், மலர்," என்று மூச்சுவாங்கச் சொல்லிவிட்டு வைத்தார்.

கோலா, தவறிப்போனதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கத்தியை எடுத்து மிச்சக் கத்தரிக்காயை வெட்டத் தொடங்கினாள். ஒரு ஆளுக்கு இவ்வளவு எதற்கு என்று பாதியில் நிறுத்தினாள்.