டீசல் வாடை

டீசல் போடுவது போன்ற ஒரு சாதாரண வேலையை எங்கள் மாமாவைப் போல யாராலும் கஷ்டமாக்க முடியாது. அதை நான் கண்ணால் கண்டது ஒரு பொங்கல் லீவில். கல்வராயன் மலை அடிவாரத்து எங்கள் ஊரிலிருந்து மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு அவருடைய டிராக்டர் கிளம்பியது. மட்கார்டின் மேல் நான். "பாப்பாவையும் இட்டுக்கினு போடா" என்று தன் தம்பியான மாமாவிடம் சொன்னது அம்மாதான். தெருமுனைக்குப் போனாலே திட்டுகிற அம்மா, அன்று தானே கூப்பிட்டு உட்காரவைத்துத் தலை பின்னிவிட்டாள். அவள் விரலெல்லாம் டீசல் வாடை.

"ஐயே, நாறுது" என்று தலையை இழுத்துக்கொண்டேன்.

"வண்டியத் தொட்டா பின்ன மல்லிப்பூவா மணக்கும்?" என்று ஒரு குட்டு வைத்துவிட்டுப் பின்னலை முடித்தாள்.

கரும்பு ஏற்றியிருந்த அந்த டிரெய்லர் வந்த நாளிலிருந்தே எங்கள் குடும்பத்தில் நிம்மதி இல்லை. மாமாவின் பெண்டாட்டி, என் அத்தை, தன் நகையைக் கழற்றிக் கொடுத்து வாங்கிய டிரெய்லர் அது. மாமாவோ என் அம்மா இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. பின்னால் என்ன எழுதுவது என்று பெயிண்டர் கேட்டதும், அந்தப் பாசத்தில் கொஞ்சமும் யோசிக்காமல் 'அக்கா ஆசி' என்று சொல்லிவிட்டார். பச்சைத் தகட்டில் மஞ்சள் எழுத்து மின்ன வண்டி வீட்டு வாசலுக்கு வந்தது. அத்தை அதை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

"நகை என்னுது, ஆசி மட்டும் அவங்களுதா?"

அவ்வளவுதான் கேட்டாள். மறுநாள் பையை எடுத்துக்கொண்டு சங்கராபுரம் பக்கம் இருந்த தாய் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். அங்கே ஒரு பெட்ரோல் பங்க்கில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். கூப்பிடப் போனவர்களெல்லாம் போன வழியே திரும்பி வந்தார்கள். மாமா சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பார். எனக்கு அதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. 'அது எங்கம்மாவப் பத்திதான் எழுதியிருக்கு' என்று பிள்ளைகளிடம் பீற்றிக்கொள்ள ஒரு வண்டி இருந்தது. எனக்கு அது போதும்.

அன்று காலை வண்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் ஓர் எழுத்துகூட இல்லை. தகடு முழுக்க வெறும் பச்சை. பெண்டாட்டிக்குப் பயந்து அக்காவை அழித்துவிட்டாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தோடுதான் மட்கார்டில் ஏறி உட்கார்ந்தேன்.

டிராக்டரில் டீசல் முள் செத்துப் பல காலம். ஊர் தாண்டியதும் மாமா டேங்கில் ஒரு குச்சியை விட்டுப் பார்த்தார். நுனியில்தான் ஈரம். டீசல் அடியோடு தீர்ந்தால் பைப்பில் காற்று புகுந்து வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். அப்புறம் மெக்கானிக் வர வேண்டும், கரும்பு காய வேண்டும். அப்படியிருக்க, கள்ளக்குறிச்சிக்குள் முதல் பங்க் வந்தபோது மாமா அதைத் தாண்டிப் போனார்.

"மாமா, பங்க்கு!"

"கூரை கீழ கீது பாப்பா. கரும்பு இடிச்சிக்கும்."

அடுத்த பங்க்கில் கூரை உயரம்தான். ஆனால் இவ்வளவு நீள வண்டியை உள்ளே விட்டால் திருப்ப முடியாதாம். அதற்கடுத்ததில் கூரையும் உயரம், இடமும் தாராளம். "அங்க ஒரே கூட்டம்" என்றார். ஒரே ஒரு மொபெட் நின்றது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தக் கதையாக இருந்தது. குச்சியை மறுபடி விட்டபோது அது காய்ந்தே வந்தது. மாமாவின் உதடும் காய்ந்திருந்தது.

கடைசியில் வண்டி இருமத் தொடங்கியபோது சாலையோரமாக நிறுத்தினார். எதிரே ஒரு பங்க். அதன் கூரை, நாங்கள் பார்த்த எல்லாக் கூரையையும்விடத் தாழ்வு. அதன் கீழே நீலச் சட்டை மாட்டிக்கொண்டு நின்றது என் அத்தை.

அணைத்தால் மறுபடி கிளம்பாது என்று இன்ஜினை ஓடவிட்டு, கேனை எடுத்துக்கொண்டு மாமா போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். அத்தை யாரோ எவரோ மாதிரி, "கேன்ல ஊத்த மாட்டோங்க" என்றாள்.

"வண்டி உள்ள வராது."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்க."

"நீயே வந்து பாரு."

பார்க்காமல் ஊற்றினால் முதலாளி திட்டுவார் என்று யாருக்கோ சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே வந்தாள். மாமா அவளை நேராக வண்டியின் பின்பக்கம் கூட்டிப்போனார். தொங்கிய கரும்புத் தோகையை ஒரு கையால் விலக்கிப் பிடித்தார். அத்தை அந்த வெறும் தகட்டையே பார்த்தாள். ஒரு விரலால் தொட்டாள். விரலில் பச்சை ஒட்டியது.

"நீங்களா அழிச்சீங்க?"

மாமா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவள் காதருகே என்னவோ சொன்னார். இன்ஜின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அத்தையின் கண் நிறைந்துவிட்டது. என் பக்கம் குனிந்து, "உங்கம்மா எப்பிடிம்மா கீறாங்க?" என்று கேட்டாள்.

நான் விறைப்பாகவே, "நல்லாதான் கீறாங்க. கையிதான் ஒரே டீசல் நாத்தம்" என்றேன்.

அதற்குப் போய் அத்தை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

பிறகு பம்ப்புக்குப் போய்க் கேனில் குழாயை வைத்தாள். வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிற அதே வார்த்தையை மாமாவிடமும் சொன்னாள்.

"ஜீரோ பாத்துக்குங்க."

மாமா அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். ஏமாந்துவிடப் போகிறாரே என்று நான்தான், "மாமா, மிஷினப் பாரு!" என்று கத்தினேன்.

ஆலையில் கரும்பை இறக்கிவிட்டுத் திரும்பும்போது அத்தை பையோடு ரோட்டோரம் நின்றாள். மட்கார்டில் என் இடத்தில் ஏறி உட்கார்ந்து என்னை மடியில் வைத்துக்கொண்டாள். இடம் போன கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் விரலைப் பார்த்தேன், பச்சை இல்லை.

"பெயிண்டு எங்க போச்சு?"

"டீசல்ல தொடச்சேன். வேற எதுலயும் போகாது."

கலைந்திருந்த என் பின்னலை அவிழ்த்து அவள் மறுபடி பின்னத் தொடங்கினாள். காலையில் அம்மாவின் கையில் அடித்த அதே வாடை. வீட்டுக்குப் போனதும், அம்மாவை அழித்ததற்காக மாமாவை நன்றாக மாட்டிவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.