ஈரத் தலைக்கு மூன்றணா

கோயில் வாசலில் நின்று கத்தரிக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பாவூர்சத்திரத்திலிருந்து காய் கொண்டுவருகிறவன் தராசைத் தூக்கியபடியே சொன்னான்: "வாத்தியாரய்யா, விசயம் தெரியுமா? நம்ம சாப்பாட்டுக்கடை பிச்சம்மக்கா நேத்து சாயங்காலம் போய்ச் சேந்துட்டா." அவன் கேட்ட விலையை அப்படியே கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். காயை வாங்கினேனா என்பது நினைவில்லை. வாங்கவில்லை என்று என் மனைவி சொல்கிறாள்.

குற்றாலத்தில் அக்காவிடம் சாப்பிட்டவர்களுக்கு அவளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் இன்றைக்குக் காபி கிளப்பில் எட்டணாவைக் கொடுத்து, அரை வயிற்றோடு எழுந்து, "அந்தக் காலத்திலே அக்காகிட்டே இரண்டணாவுக்குச் சாப்பாடு" என்று பெருமூச்சு விடுகிறார்களே, அவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பொதுவாக இரண்டணா என்றால் எப்படி? எந்தத் தலைக்கு இரண்டணா?

கைம்பெண்ணான அக்கா சாரல் காலத்து மூன்று மாதமும் அருவிக்குப் போகும் வழியில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துச் சாப்பாடு போடுவாள். குளிக்கும் முன் சாப்பிட்டால் இரண்டணா. குளித்துவிட்டு வந்தால் மூன்றணா. எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றவனுக்கு வருகிற பசி ஊரறிந்தது. "விலைய ஏத்துறது நானில்ல, அருவி ஏத்துது" என்பாள்.

ஓரணா என்றால் அப்போது லேசா? அதைக் கொண்டு தென்காசியிலிருந்து மோட்டார் பஸ்ஸில் வந்துவிடலாம். ஆகவே குளித்தவர்களெல்லாம் தலையைத் துவட்டித் துவட்டிக் காயவைத்துக்கொண்டு, குளிக்காத முகத்தோடு வந்து உட்காருவோம். அக்கா விடமாட்டாள். "அண்ணாச்சி, குடுமிய அவுத்து உதறுங்க, பாப்போம்." உதறினால் இலையில் சொட்டும். முடியை ஒட்ட வெட்டிக் கிராப்பு வைத்தவன் பிழைத்துக்கொள்வான். எங்கள் பக்கத்தில் கிராப்பு பரவியதற்கு வெள்ளைக்காரன் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வக்கீல் குமாஸ்தா சுப்பையா பிள்ளைக்கு இரண்டும் கிடையாது, முழு வழுக்கை. கோர்ட்டிலேயே பழகியவர் ஆகையால் கூசாமல் சத்தியம் செய்வார். அக்கா ஒருநாள் அவரைக் கையை நீட்டச் சொன்னாள். விரல் நுனியெல்லாம் உலர்ந்த திராட்சை மாதிரிச் சுருங்கியிருந்தது. "தலை பொய் சொல்லும் அண்ணாச்சி, விரல் சொல்லாது. மூணணா எடுங்க" என்றாள். பந்தியே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே மூன்றாம் முறை சோறு கேட்டார்.

உலகச் சண்டை நடந்தபோது ஒரு வருஷம் சாரல் பொய்த்தது. அருவி நூலாக இறங்கியது. அரிசியோ கிடைக்கிறதே பெரும்பாடு. குளிக்க ஆளில்லை, பசியில்லை, மூன்றணாவும் இல்லை. ஆவணிக் கடைசிக்குள் அடுத்த வருஷத்து முன்பணம் வராவிட்டால் வீட்டைக் காபி கிளப்புக்காரருக்குக் கொடுத்துவிடுவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். சாப்பாட்டு விலையை ஏற்றும்படி நாங்கள் எவ்வளவோ சொன்னோம். "அருவியே சும்மா கெடக்கு, நான் ஏத்தவா?" என்று ஒரே பிடிவாதம்.

பார்த்தோம். வாடிக்கைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் ஒரு சனிக்கிழமை புறப்பட்டுப் போய், தெருக்கோடிக் கிணற்றில் ஆளுக்கு ஒரு வாளி தலையில் ஊற்றிக்கொண்டு, ஒரு துளி துடைக்காமல் பந்தியில் உட்கார்ந்தோம். சுப்பையா பிள்ளை வழுக்கையிலிருந்து நீர் வழிய, "ஏட்டி பிச்சம்மா, எல்லாரும் குளிச்சாச்சு. மூணணா!" என்றார்.

"விரலக் காட்டுங்க" என்றாள் அக்கா. எல்லார் விரலும் வழவழவென்றிருந்தது. "இது கெணத்துத் தண்ணி. ரெண்டணாதான்."

நாங்கள் சண்டை பிடித்தோம். கடைசியில் அவள், "மூணணாக் குடுக்கணும்னா மூணணாவுக்குத் தின்னுட்டுக் குடுங்க" என்றாள்.

தின்றோம். ஐயா, பசியில்லாமல் மூன்று முறை சோறு வாங்குவது எவ்வளவு பெரிய தண்டனை என்பது அன்றுதான் தெரிந்தது. ஆனாலும் ஆவணி முடிய, லீவு நாளெல்லாம் போய்த் தின்றோம். அக்காவைக் கரையேற்றுகிறோம் என்று பெருமை வேறு. கடைசி ஞாயிற்றுக்கிழமை, மோர்ச்சோற்றில் கை வைத்தபடி சுப்பையா பிள்ளை திடீரென்று என் காதில் சொன்னார்: "வாத்தியாரே, அரிசி விக்கிற விலைக்கு நாம திங்கிறது நாலணாவுக்கு வருமே, வே! ஒவ்வொரு எலைக்கும் அவளுக்கு நட்டம்லா?" விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்; அவர் சொன்னது சரி. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுக்கிறவன் நான்.

வீடு போயிற்று. அண்டா குண்டாவை ஏற்றிய மாட்டுவண்டியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். நாங்கள் பின்னாலே தென்காசி ரோட்டில் நடந்தோம். இலஞ்சி தாண்டியதும் அவளுக்குப் பொறுக்கவில்லை. வண்டிக்காரரை நிறுத்தச் சொல்லித் திரும்பிப் பார்த்தாள்.

"எதுக்கு எல்லாரும் மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு வாரீய? இத்தன வருசமா வந்தவனெல்லாம் அவனவன் பசிக்குத் தின்னான். எனக்காவத் தின்னது நீங்கதான்."

வண்டி நகர்ந்தது. சுப்பையா பிள்ளை மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நானும்தான். உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த நற்சான்றுகள் எங்கே கிடக்கின்றனவோ, தெரியாது. அவள் சொன்ன அந்த ஒரு சொல்லைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.