அவள் தானே அள்ளிய தண்ணீர்

எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் தந்த கிணறு எங்களுக்கு மட்டும் உரியதல்ல. கோப்பாயில், புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவே, ஐந்து குடும்பங்களுக்குப் பங்கான கிணறு அது. நான்கு குடும்பங்கள் சைவம், நாங்கள் வேதக்காரர். ஐயாவின் தகப்பனார் மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஞானஸ்நானம் பெற்றவர். அவருடைய சகோதரர்கள் பெறவில்லை. அதனால் பக்கத்துப் பக்கத்து வளவுகளில் சிவராத்திரியும் நடந்தது, கிறிஸ்மஸும் நடந்தது.

அதனால் சண்டை என்று ஒன்றும் வந்ததில்லை. ஐயாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், எனக்குப் பெரியப்பா. பொங்கலன்று படைப்பதற்கு முன்பே எங்களுக்கென்று ஒரு சட்டியில் தனியாக எடுத்து வைக்கச் சொல்வார். படைத்ததை நாங்கள் உண்ணமாட்டோம் என்று அவருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் தோட்டத்தில் இறங்கமாட்டோம் என்பதால், அன்று எங்கள் மிளகாய்க் கன்றுகளுக்கு அவருடைய ஆட்கள்தான் தண்ணீர் கட்டுவார்கள். திருநீறு பூசுவதில்லை, நாள் பார்ப்பதில்லை, கோவில் திருவிழாவுக்குப் போவதில்லை. எங்கள் வித்தியாசம் இவ்வளவுதான். யார் வீட்டில் கை நனைப்பது, யார் வீட்டில் பெண் எடுப்பது, யாரை வாசற் படலைக்கு வெளியே நிறுத்துவது என்பதிலெல்லாம் ஐந்து வீட்டுக்கும் ஒரே சட்டம். எனக்கு இருபத்திரண்டு வயதாகி, மிஷன் பள்ளிக்கூடத்தில் கீழ்வகுப்புக்குப் படிப்பிக்கத் தொடங்கும்வரை அது என் கண்ணில் பட்டதே இல்லை.

பட வைத்தவள் ஒரு பெண். பனங்காணிக்கு அப்பால், ஊரின் ஓரத்தில், குடிசை போட்டிருந்த கூலிக்காரக் குடும்பத்தவள். என்னிலும் பத்து வயது மூத்தவள். அவளுடைய மகளுக்கு வந்த காய்ச்சலை மிஷன் ஆஸ்பத்திரியில் சுகமாக்கினார்கள். அங்கே கேட்ட ஜெபம் அவள் மனதில் நின்றுவிட்டது. அடுத்த வருடம் தாயும் மகளும் ஞானஸ்நானம் பெற்றார்கள். புருஷன் பெறவில்லை, தடுக்கவும் இல்லை. ஞாயிறுதோறும் வெளுத்த சேலை உடுத்து, மகளின் தலையைப் படிய வாரி, எங்கள் வேதக்கோயிலுக்குக் கூட்டிவருவாள். நாங்கள் நீண்ட மர வாங்குகளில் இருப்போம். அவர்களும், அந்தப் பக்கத்திலிருந்து முன்பே ஞானஸ்நானம் பெற்ற சிலரும் பின்னால், சுவரோரம் விரித்த பாயில் இருப்பார்கள். அங்கே இருங்கள் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

அந்த வருடம் ஆவணி முடிந்தும் ஒரு துளி மழை இல்லை. அவர்கள் பக்கத்துக் குழிக்கிணறு உப்பாகி, பிறகு வற்றிவிட்டது. அந்தப் பக்கத்துப் பெண்கள் குடங்களோடு எங்கள் கிணற்றுக்கு வந்து, சற்றுத் தள்ளி நிற்பார்கள். எங்களில் யாராவது அள்ளி, தங்கள் வாளி அவர்கள் குடத்தில் முட்டாமல் உயரத்திலிருந்து ஊற்றவேண்டும். ஊற்ற ஆள் வரும்வரை நிற்கவேண்டியதுதான். அம்மாவும் ஊற்றுவா. முகம் சுளிக்காமல் ஊற்றுவா. அது தர்மம் என்றே நம்பினா.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவள் தனியே நின்றாள். ஒதுங்க ஒரு நிழல்கூட இல்லாத வெயில்.

"எவ்வளவு நேரமா நிக்கிறீங்கள்?" என்று கேட்டேன். அவளை யாரும் 'நீங்கள்' என்று சொல்வதில்லை. நான் சில மாதங்களாகச் சொல்லிவந்தேன். அது அவளுக்குச் சங்கடமாக இருந்ததை நான் கவனிக்கவில்லை.

"இப்பத்தான் வந்தனான், நாச்சியார்."

அவளுடைய சேலை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. நான் கையிலிருந்த புத்தகங்களைக் கல்லில் வைத்தேன். வாளியை எடுக்கப் போனவள், எடுக்காமல் நின்றேன்.

"நீங்களே அள்ளுங்கோ," என்றேன்.

அவள் விளங்காதவள்போல் என்னைப் பார்த்தாள். "வேண்டாம் நாச்சியார். பிறகு கரைச்சல்."

"கோயிலிலை ஒரே ஆண்டவரைத்தானே கும்பிடுறம். அள்ளுங்கோ. கரைச்சல் வந்தால் நான் பாத்துக்கொள்ளுறன்."

நான் படிப்பிக்கிறவள். சொன்னதைச் செய்விக்கிற குரல் எனக்குப் பழகியிருந்தது. அவள் செருப்பில்லாத காலைக் கிணற்றுக்கட்டில் வைத்து, துலாக்கயிற்றைப் பிடித்து இழுத்தாள். ஒரே ஒரு வாளி. குடம் முழுதாக நிறையவும் இல்லை. மறு வாளிக்கு நில்லாமல் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் போன பிறகும் துலா ஆடிக்கொண்டிருந்தது. எனக்குச் சந்தோசமாக இருந்தது என்பதை மறைக்கக்கூடாது. பெரிய காரியம் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் பெரியம்மா மிளகாய் பிடுங்கிக்கொண்டு நின்றதைப் பிறகுதான் கண்டேன்.

பொழுதுபடப் பெரியப்பா வந்தார். கூடவே மற்ற மூன்று வீட்டு ஆண்களும் வந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. அம்மா கொடுத்த வெற்றிலைத் தட்டத்தை மட்டும் யாரும் தொடவில்லை.

"தம்பி, நீங்கள் வேதத்திலை சேந்ததுக்கு நாங்கள் ஒரு நாளும் ஒண்டும் சொல்லேல்லை. சொன்னமோ?" என்றார் பெரியப்பா.

"இல்லை, அண்ணை," என்றார் ஐயா.

"உங்கடை கோயிலுக்குள்ளை நீங்கள் ஆரையும் கூப்பிட்டு இருத்துங்கோ. அதிலை எங்களுக்குக் கதையில்லை. கிணறு கோயில் இல்லை. அஞ்சு வீட்டுச் சோறு அந்தத் தண்ணியிலைதான் வேகுது."

"பிள்ளை தெரியாமல் செய்திட்டாள்."

"தெரிஞ்சுதான் செய்தனான்," என்றேன், கதவடியில் நின்றபடி.

பெரியப்பா திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. நோயாளியைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை. மறுநாள் கிணற்றை இறைத்து, ஐயரைக் கொண்டு மஞ்சள் தண்ணீர் தெளிப்பிப்பது என்றும், அதற்கு எங்கள் வீட்டு ஆளும் ஒருவர் வந்து நிற்பது என்றும் பேசி முடித்தார்கள். ஐயா சம்மதித்தார். எங்கள் திருச்சபையில் மூப்பராக இருந்தவர் அவர்.

அவர்கள் போன பிறகு கேட்டேன். "ஐயா, கோயிலிலை இராப்போசனத்திலை நாங்களும் அவவும் ஒரே பாத்திரத்திலைதானே திராட்சை ரசம் குடிக்கிறம்?"

யாரும் தொடாத வெற்றிலைத் தட்டத்தை ஐயா எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு தாழ்ந்த குரலில், "அவள் கடைசியாத்தானே குடிக்கிறவள், பிள்ளை," என்றார்.

அதுவரை நான் அதை யோசித்ததே இல்லை. பன்னிரண்டு வயதிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வாங்குகளில் இருப்பவர்கள் எழுந்துபோய்த் திரும்பிய பிறகே பாயில் இருப்பவர்கள் எழும்புவார்கள். அதை ஒழுங்கு என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் காலை கிணற்றை இறைத்தார்கள். ஐயா போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கிணற்றடியில் நின்றார். மூன்றாம் நாள் பட்டப்பகலில், அவளும் புருஷனும் வெங்காயம் பிடுங்கும் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், அவர்களுடைய குடிசை எரிந்தது. மகள் பள்ளிக்கூடத்தில் எனக்கு முன்னால் இருந்தாள். பனையோலைப் புகையை வகுப்பு முழுவதும் கண்டது. யாருடைய குடிசை என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

ஐயாவை வற்புறுத்தி, ஊர்த் தலைமைக்காரரான விதானையாரிடம் முறையிடக் கூட்டிப்போனேன். அவர் எங்கள் கிணற்றில் ஒரு பங்குக்காரர். அடுப்பு நெருப்பு என்று எழுதினார். "காலமையே அடுப்பை அணைச்சிட்டுத்தான் போனவையாம்," என்றேன். "காத்துக்குத் தணல் பறக்கும், பிள்ளை," என்றார். நெருப்பு வைத்தது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பெரியப்பாவாக இருக்காது என்று நம்ப விரும்புகிறேன்.

போதகரிடம் போனேன். கண்கலங்க எல்லாவற்றையும் கேட்டார். எனக்காக ஜெபித்தார். அவளுக்காகவும் ஜெபித்தார். பிறகு, ஊரவர் என் வகுப்பிலிருந்து பிள்ளைகளை நிறுத்தத் தொடங்கிவிட்டார்கள் என்றும், புதுச் சைவப் பள்ளிக்கூடம் அவர்களை எடுக்கக் காத்திருக்கிறது என்றும், பொறுமையாக இருக்கவேண்டும் என்றும் சொன்னார். அவரும் என்ன செய்வார் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதே எனக்குப் பயமாக இருந்தது.

அரிசியும் இரண்டு சேலையும் எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். எரிந்த இடத்தில் குந்தியிருந்து சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தாள். ஒரு அகப்பைக் கொழுவி, அரிவாள் அலகு, மூக்குப்பேணி என்று கிடைத்தவற்றை ஒரு பக்கம் சேர்த்து வைத்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"இருங்கோ," என்றேன். அவள் இருக்கவில்லை.

"எல்லாம் என்னாலைதான்."

"உங்களிலை குற்றம் இல்லை, நாச்சியார்." சற்று நின்று, நிலத்தைப் பார்த்தபடி கேட்டாள். "அண்டைக்கு நீங்கள் அள்ளி ஊத்தியிருக்கலாமே. நான் வாங்கிக்கொண்டு போயிருப்பன்."

குறையாகச் சொல்லவில்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டாள். நான் எத்தனையோ சொல்லியிருக்கலாம். அவளையும் ஆண்டவர் தம் சாயலில்தான் படைத்தார் என்று சொல்லியிருக்கலாம். அரிசிப் பையை மட்டும் நீட்டினேன். அரிசியை வாங்கிக்கொண்டாள். சேலைகளை வேண்டாம் என்றாள். உங்கள் சேலையோடு என்னைக் கண்டால் இன்னும் கரைச்சல் என்றாள்.

அந்தக் கிழமையே கரவெட்டியில் இருந்த அவளுடைய தமக்கை வீட்டுக்குப் போய்விட்டார்கள். மகளின் சிலேற்றுப் பலகை என் மேசையில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை பாயை யாரோ வழக்கம்போல் விரித்திருந்தார்கள். இராப்போசனத்துக்கு எல்லோரும் போய்வரும்வரை நான் எழும்பவில்லை. கடைசியாகப் போய் முழந்தாளிட்டேன். அதைக் கண்டு யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தலைச்சுற்று என்று நினைத்ததாக அம்மா பிறகு சொன்னா.

எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பதில்லை என்று தீர்மானித்து, கோயில் வளவுக் கிணற்றிலிருந்து தினமும் ஒரு குடம் சுமந்துவந்தேன். குறுகிய ஒழுங்கை வழியே போகும்போது பெண்கள் வேலிப் பொட்டு இடைவெளிகளுக்குள்ளால் பார்ப்பார்கள். எனக்குப் பேசியிருந்த ஒரு சம்பந்தம் அதனால் நின்றுபோனது. அம்மா அழுதா. மார்கழியில் மழை கொட்டியபோது எனக்குக் காய்ச்சல் வந்தது. நான்காம் நாள் அம்மா தலையைத் தூக்கிப் பிடித்துப் பருக்கிய தண்ணீர் எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று நான் கேட்கவில்லை. சுகமான பிறகும் கேட்கவில்லை. என் விரதம் அப்படித்தான் முடிந்தது.

பல வருடங்களுக்குப் பிறகு, இரண்டாம் உலக யுத்த காலத்தில், என் இரண்டாவது பிள்ளையின் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தேன். படுக்கை விரிக்க வந்த வேலைக்காரப் பெண் என்னை உற்றுப் பார்த்தாள்.

"நீங்கள் கோப்பாய் ரீச்சர்தானே?"

நான் அவளை அடையாளம் காண நேரமெடுத்தது. அவளேதான், அந்த மகள்.

"அம்மா எப்பிடி?"

"செத்துப்போனா. மூண்டு வருசம்."

"கோயிலுக்குப் போறவவோ?"

"கோயிலுக்குப் போறேல்லை. வீட்டிலை ஜெபம் பண்ணுவா. அப்பு ஏசினாலும் விடமாட்டா."

எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. கேட்கக்கூடாது என்றும் தெரிந்தது. "என்னைப் பற்றி ஏதும் சொன்னவவோ?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் யோசித்துப் பார்த்தாள். எனக்காகவே உண்மையாக யோசித்தாள்.

"இல்லை, ரீச்சர். ஒண்டும் சொன்ன ஞாபகம் இல்லை," என்றாள். பிறகு விரிப்பின் ஓரங்களை மெத்தைக்குக் கீழே மடித்துச் செருகிவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போனாள்.