பூட்டியபடி வாங்கிய அலுமாரி

போர்நிறுத்தம் வந்த மறு வருடம் நானும் மனைவியும் வேலணைத் தீவிலிருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பினோம். நான்கு அறைகள், பதினொரு வாசல்கள், பதினான்கு யன்னல்கள் உள்ள வீடு. வாசல்களும் யன்னல் ஓட்டைகளும் எண்ணிக்கை குறையாமல் இருந்தன. கதவுகளைத்தான் ஒன்றுகூடக் காணவில்லை. கூரையில் நானூற்றுப் பன்னிரண்டு ஓடுகள் போயிருந்தன.

மனைவி ஏழு பைகளோடு வந்திருந்தாள். இடம்பெயர்ந்திருந்த பன்னிரண்டு வருடங்களில் நாங்கள் மாறிய ஒன்பது வீடுகளிலும் அந்தப் பைகளிலிருந்தே எடுத்து உடுத்தாள். தோய்த்து மடித்துத் திரும்ப அவற்றிலேயே வைத்தாள். வந்த முதல் நாளே தன் முடிவைச் சொல்லிவிட்டாள்.

"இஞ்சருங்கோ, இந்த வீட்டுக்கு ஒரு அலுமாரி வந்தால் நான் பையளை அவிழ்ப்பன். வராட்டி, தைப்பொங்கலுக்கு மகள் வான் கொண்டு வருவாள். ஏழு பையோடையும் கொழும்புக்கு ஏறிடுவன்."

"அப்ப நான்?"

"உங்களை ஆர் மறிச்சது? வானுக்குள்ளை இடம் இருக்கு."

கொழும்பு எனக்கு ஒத்துவராது. மகளின் வீடு ஐந்தாம் மாடியில். எண்பத்தாறு படிகள். மனைவி இல்லாத வேலணையோ அதைவிட ஒத்துவராது. தேநீர் போடுவதற்குத் தண்ணீர் எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியாது. பொங்கலுக்கு நூற்றுப் பதினெட்டு நாட்கள் இருந்தன. அளவுநாடாவை எடுத்துக்கொண்டு சைக்கிளில் வெளிக்கிட்டேன்.

இரும்பு அலுமாரி வேண்டாம் என்பதில் இருவருக்கும் ஒரே எண்ணம். தீவின் உப்புக் காற்றில் அது இரண்டு மாரிக்குள் கறள் பிடித்து, சேலை முழுவதும் துருக்கறை ஆக்கிவிடும். ஒட்டுப்பலகை, தேநீரில் தோய்த்த பாண் மாதிரி ஊதிவிடும். பழைய காலத்து முதிரை மரம்தான் வேண்டும்.

முதல் அலுமாரியை ஊர்காவற்றுறையில் ஒரு மீன்பிடிக் குடும்பத்தில் பார்த்தேன். மரம் அருமை. ஆனால் ஆறு வருடமாக அதற்குள் கருவாடு வைத்திருந்தார்கள். "பத்து நாள் வெயிலிலை வையுங்கோ ஐயா, மணம் போயிடும்" என்றா வீட்டுக்காரி. நான் உள்ளே தலையை மட்டும்தான் விட்டுப் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி என்னைக் கிணற்றடிக்கு அனுப்பிவிட்டாள். இரண்டாவது சுருவிலில். மூன்று வெவ்வேறு அலுமாரிகளில் மிஞ்சியதைப் பொருத்தி ஒன்றாக்கியிருந்தார்கள். இடது கதவு வலது கதவைவிட நான்கு அங்குலம் உயரம். "ரெண்டு கதவும் பூட்டுப்பட வேணுமெண்டு என்ன சட்டம்?" என்று கேட்டார் அதன் சொந்தக்காரர். மூன்றாவதைக் கறையான் தின்றிருந்தது. நான்காவதற்குள் ஒரு கோழி அடை கிடந்தது. குஞ்சு பொரிக்கும்வரை விற்பதில்லை என்றார்கள்.

ஐந்தாவது புளியங்கூடலில் இருந்தது. ஏழு அடி இரண்டு அங்குல உயரம், ஐந்தே கால் அடி அகலம், மூன்று கதவுகள், நடுக்கதவில் நிலைக்கண்ணாடி. வைக்கோற் பட்டடைக்குள் மறைந்து கிடந்ததால் தப்பியது என்றார் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர். ஊரை விட்டுப் போகாத மிகச் சிலரில் அவரும் ஒருவர். சொந்தக்காரி அவருடைய பெரியம்மாவின் மகள், ரொறன்ரோவில் இருந்தா. வெளிப்புறத்தை அளந்து முடித்தேன். உள்தட்டுகளை எண்ண வேண்டும்.

"திறவும் பாப்பம்" என்றேன்.

"திறப்பு அக்காவிட்டை."

"அக்கா எங்கை?"

"ரொறன்ரோவிலை எண்டு இப்பத்தானே சொன்னனான், போஸ்மாஸ்ரர்."

இதில் அதிசயப்பட எதுவும் இல்லை. தீவிலிருந்து ஓடியபோது எல்லாரும் இரண்டு நாளில் திரும்பிவிடுவோம் என்று அலுமாரியைப் பூட்டித் திறப்பை மடியில் கட்டிக்கொண்டுதான் ஓடினோம். அலுமாரி போன பிறகும் திறப்பை வைத்திருப்பவர்கள் எனக்குத் தெரிந்து பதினேழு பேர். திறப்பும் அலுமாரியும் இரண்டுமே மிஞ்சியது இந்த அக்கா ஒருவருக்குத்தான். இடையில் இரண்டு சமுத்திரங்கள்.

சந்தியிலிருந்த தொலைபேசிக் கடையில் எண்ணைச் சுழற்றிக் கொடுத்தார்கள். சுவரில் நிமிடம் காட்டும் ஒரு சிவப்பு எழுத்துப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு கதைத்தேன்.

"கொண்டு போம் தம்பி" என்றா அக்கா. எனக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. "விலை நீர் பாத்துத் தாரும். ஆனால் திறக்கப்படாது."

"என்னக்கா?"

"உள்ளுக்கை கிடக்கிறது என்ரை சாமான். நான் வந்து என்ரை கையாலை எடுப்பன். அதுமட்டும் பூட்டு உடைக்கப்படாது, கள்ளத் திறப்புப் போடப்படாது. ஓமோ, இல்லையோ?"

பெட்டியில் இரண்டு நிமிடம் ஐம்பத்து நான்கு வினாடி. யோசிக்கத் தொடங்கினால் நான்காம் நிமிடம் தொடங்கிவிடும்.

"ஓம்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். வைத்த பிறகுதான் எதை வாங்கினேன் என்பது எனக்கு விளங்கியது.

இன்னொருவராக இருந்தால் சொன்னதை மறந்துவிட்டு ஒரு கொல்லனைக் கூப்பிட்டிருக்கலாம். நான் முப்பத்தொரு வருடம் தபாற்கந்தோரில் இருந்தவன். ஒட்டியிருந்த எதையும் அனுப்பியவர் சொல்லாமல் நான் பிரித்ததில்லை. அந்த வயதில் புதிதாகத் தொடங்கவும் முடியவில்லை.

எட்டுப் பேர் தூக்கி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, தாங்களும் ஏறிக்கொண்டார்கள். பாதி வழியில் காவலரண். சென்றியில் காவல் நின்ற இராணுவப் பொடியன் அலுமாரியைச் சுற்றி வந்தான்.

"ஐயா, இது திற."

"திறப்பு கனடாவில்."

"இது யார் அலுமாரி?"

"என்னுடையது."

"உள்ளுக்கு என்ன?"

"தெரியாது."

அவன் தன் மேலதிகாரியைக் கூப்பிட்டான். அவர் எனது பதில்களை மறுபடியும் ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் அதே பதில்களைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே என்மீது சந்தேகம் வந்தது. பிறகு அவர் அலுமாரியில் காதை வைத்துக்கொண்டு, எட்டுப் பேரையும் அதை ஆட்டச் சொன்னார். மூன்று முறை ஆட்டினார்கள். "பீங்கான்" என்றார். பொடியன் திறப்பு ஓட்டையால் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு "சேலை" என்றான். பின்னால் மறிபட்டு நின்ற பஸ்ஸிலிருந்து நடத்துனர் இறங்கி வந்தார். தானும் ஒருமுறை தட்டிப் பார்த்தார். "புத்தகம்" என்றார். மேலதிகாரி கொஞ்ச நேரம் எங்கள் எல்லாரையும் பார்த்தார். கொப்பியில் ஏதோ எழுதினார். போகச் சொன்னார்.

எங்கள் வீட்டில் கதவுகள் இல்லாததால் அலுமாரி உள்ளே போவதில் சிரமம் இருக்கவில்லை. மனைவி கண்ணாடியில் தன்னைப் பார்த்துத் தலையைச் சரிசெய்தாள். கைப்பிடியை இழுத்தாள். மூன்றையும் இழுத்தாள். நான் விபரம் சொன்னேன்.

"பூட்டின அலுமாரியை ஆரும் காசு குடுத்து வாங்குவினமோ?"

"மரம் முதிரை. காலிலை ஒரு ஓட்டைகூட..."

"மரத்தையோ நான் கேட்டனான்? உது அலுமாரியோ, சுவரோ?"

அடுத்த நாள் அந்த அக்காவை ஏசுவதற்கென்றே தொலைபேசிக் கடைக்குப் போனாள். நான் வெளியே நின்றேன். பதினான்கு நிமிடங்கள். வெளியே வந்தபோது அவள் முகத்தில் கோபம் இல்லை.

"என்ன சொன்னவ?"

"அவவுக்கு முழங்காலிலை நீராம். மருமகள் நல்லவளாம், ஆனால் புளி காணாதாம் கறிக்கு."

"திறப்பு?"

"நான் கேக்கேல்லை. வருத்தக்கார மனிசியிட்டை உதையெல்லாம் கேக்கிறதோ?"

பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அக்கா தொலைபேசிக் கடைக்கு அழைப்பு எடுத்தா. மனைவி போய்க் காத்திருந்தாள். எல்லாம் கதைத்தார்கள். அலுமாரிக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் ஒருத்தி கேட்கவும் இல்லை, மற்றவ சொல்லவும் இல்லை. கதவில்லாத வீட்டில் அந்த ஒரு சாமான் மட்டும் பூட்டிக் கிடந்தது. மனைவி கோயிலுக்குப் போனால் நான் வீட்டில் நிற்க வேண்டும். நான் கடைக்குப் போனால் அவள் நிற்பாள். பைகள் ஏழும் அலுமாரியின் முன்னால் வரிசையாக, கட்டு அவிழ்க்காமல் இருந்தன. நான் நாட்களைக் குறைத்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

பொங்கலுக்கு மறுநாள் மகள் வானோடு வந்தாள். பைகளை எண்ணி, சாரதியிடம் ஏற்றச் சொன்னாள். இரண்டு பைகள் ஏறிவிட்டன.

"அதை இறக்கும், தம்பி" என்றாள் மனைவி.

"என்னம்மா? அலுமாரி இல்லாட்டி வருவன் எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்?"

"அலுமாரி நிக்குதெல்லே."

"திறக்கவே ஏலாது! அதுக்குள்ளை ஒரு சட்டைகூட வைக்க ஏலாது!"

"ஒருத்தி நம்பித் தந்த சாமான், பிள்ளை. நாலு பக்கமும் திறந்த வீட்டிலை அதைத் தனிய விட்டிட்டு நான் என்னண்டு வாறது?"

"அது அப்பா வாங்கின அலுமாரி!"

"அலுமாரிதான் அப்பாவின்ரை. சாமான் அவவின்ரை."

மகள் என் பக்கம் திரும்பினாள். "அப்பா, நீங்களாவது சொல்லுங்கோ."

அலுமாரியை எந்த உளியால், எத்தனை தட்டில் திறக்கலாம் என்று எனக்குத் தெரியும். கைப்பிடிக்குக் கீழே ஒன்று, பக்கத்தில் இரண்டு, மொத்தம் மூன்று தட்டு. நான் போய் வானில் ஏறியிருந்த இரண்டு பைகளையும் இறக்கினேன். வான் வெறுமையாகப் போயிற்று.

அன்று பின்னேரம் காற்று எழும்பி அலுமாரியின் மேல் புழுதி படிந்தது. அதைப் போர்ப்பதற்கு மனைவியிடம் ஒரு பெரிய விரிப்பு இருந்தது. எந்தப் பைக்குள் என்பது நினைவில்லை. முதலாவதை அவிழ்த்தாள், இல்லை. இரண்டாவது, மூன்றாவது. ஏழாவதின் அடியில்தான் கிடந்தது. இதற்குள் நிலம் முழுவதும் உடுபுடைவை. விரிப்பால் அலுமாரியைப் போர்த்தினாள், கண்ணாடியை மட்டும் விட்டாள். பிறகு அறைக்குக் குறுக்கே ஒரு கயிறு கட்டச் சொன்னாள். நான் கட்டினேன். இருபத்தொரு சேலைகளையும் கொடியில் போட்டு முடித்தபோது இடம் போதவில்லை. எனது நான்கு வேட்டிகளையும் எடுத்து அப்புறப்படுத்தச் சொன்னாள்.

அவற்றை நான் ஒரு பையில் வைத்திருக்கிறேன்.